நல்லம்பள்ளியில் கோப்பை லாரியை நிறுத்தினோம்

போன ஆடி மாதம் வெளிநாட்டுக் கால்பந்துக் கிளப் ஒன்று நம் பக்கம் சுற்றுப்பயணம் வந்தது. ஆட்டக்காரர்கள் வரவில்லை. அவர்கள் ஜெயித்த கோப்பை மட்டும் வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடுத்து கொச்சியில் இரண்டு நாள். அதைப் பார்க்க நானும் காதர் பாயும் போய்வந்த கதையை நம் ரசிகர் மன்றத்தின் வலைப்பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் போன வருஷம்தான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். அதனால் மெதுவாகத்தான் எழுத வரும். நான் நாலு நாள் எழுதியதை நீங்கள் ஐந்து நிமிஷத்தில் படித்து முடித்துவிடுவீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் பாப்பாரப்பட்டியில் கடலையும் ராகியும் போடுகிறவன். காதர் பாய்க்குத் தருமபுரியில் மெத்தைக் கடை. மகள் கல்யாணத்துக்கு மெத்தை வாங்க ஒரு சனிக்கிழமை போனபோது, பாய் கடை டிவியில் இந்த ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தை தைத்து முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எழுத்துத் தெரியாத காலத்திலும் எனக்கு முழுசாகப் புரிந்த ஆட்டம் அது. பந்து வலைக்குள் போனால் ஒன்று. போகாவிட்டால் ஒன்றுமில்லை. அந்தக் கிளப்பின் பேர் எங்கள் வாயில் சரியாக வராது. சிவப்புச் சட்டை என்றுதான் சொல்லுவோம். பாய் என்னைவிடப் பழைய ரசிகர். முப்பது வருஷமாகச் சிவப்புச் சட்டைதான்.

அவருக்குப் போன தை மாதம் இடுப்பில் ஆபரேஷன் ஆனது. பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. பெங்களூரில் மூன்று மணி நேரம் வரிசை என்று மன்றத்துப் பையன்கள் சொன்னதும், "நீங்க போயிட்டு வாங்க," என்றார் பாய். இனி ஒரு தடவை அந்தக் கோப்பை இந்தப் பக்கம் எப்போது வருமோ, வந்தாலும் அவருக்குக் கால் எப்படி இருக்குமோ. அவருக்கு எப்படியாவது கோப்பையைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரே குடைச்சல்.

அப்போதுதான் ஒரு வீடியோ வந்தது. ஆட்டக்காரர்கள் படமெல்லாம் ஒட்டிய நீளமான சிவப்பு லாரி ஒன்று பெங்களூரில் நிற்கிறது. அது சாலை வழியாகக் கொச்சிக்குப் போகிறதாம். எனக்கு உடனே பொறி தட்டியது. பெங்களூரிலிருந்து சேலம் வழியாகக் கொச்சி போகிற வண்டி நம்மைத் தாண்டித்தானே போக வேண்டும்? ஆடியில் மாரியம்மன் ஊர்வலம் வந்தால் ஒவ்வொரு தெருவிலும் நிறுத்தி ஆரத்தி எடுப்போம். யாரையும் அனுமதி கேட்பதில்லை. அலங்காரம் பண்ணிய வண்டியில்தான் சாமி இருக்கும். அதேபோல் இந்த லாரியில்தான் கோப்பை இருக்கும். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

லாரி கிளம்புகிற நாளான புதன்கிழமை காலை 7.10க்கு பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறினேன். தருமபுரிக்கு முக்கால் மணி நேரம். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை நானே படித்து ஏறினேன், யாரையும் கேட்கவில்லை. பாய் கடையிலிருந்து ஆட்டோ. நல்லம்பள்ளி போய், காத்திருந்து, திரும்பிவர 600 ரூபாய் பேசினோம். தூரம் பத்து கிலோமீட்டருக்குள்தான். காத்திருப்பதற்குத்தான் காசு.

நல்லம்பள்ளி தாண்டியதும் சேலம் போகிற பக்கம், இடது கையில் ஒரு டீக்கடை இருக்கிறது. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் லாரிக்காரர்கள் அங்கே நிறுத்தி பிரேக்கைப் பார்ப்பார்கள். டீ பத்து ரூபாய், நன்றாக இருக்கும். என் தங்கை லட்சுமியின் வீடு பக்கத்தில்தான். எலுமிச்சம்பழம் வைத்த ஆரத்தித் தட்டோடும் ஒரு சொம்புத் தண்ணீரோடும் வந்து நின்றாள்.

"ஏண்ணா, இந்தக் கப்பு ஆம்பள சாமியா, பொம்பள சாமியா?" என்று கேட்டாள்.

"வெள்ளி," என்றேன்.

"வெள்ளின்னா சரி, வணக்கம் போட்டுக்கலாம்."

பதினொன்றே முக்காலுக்கு லாரி வந்தது. லட்சுமி தட்டோடு முன்னால் போய் நின்றாள். லாரி எங்களுக்காகத்தான் நின்றது என்று இப்போது ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறோம். உண்மையில் டிரைவருக்கு டீ குடிக்க வேண்டியிருந்தது. அவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழ். ஆரத்தியைக் கண்டதும் பயந்துபோய்க் கீழே குதித்தார்.

"ஏன் சாமி, வண்டில எதுனா அடிபட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. கப்பக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிர்றோம்," என்றேன்.

"கப்பா? அது காலைலயே ஏரோப்ளேன்ல போயிருச்சே! அதுக்குத் தனி சீட்டு, தனி ஆளுங்க. இதுல பலகை, லைட்டு, கண்ணாடிப் பொட்டி, அவ்ளோதான்."

லட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா இருக்குதுண்ணா. சாமியில்லாத தேருக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் தண்டம்."

எனக்குப் பாயின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவர் ஆட்டோவை விட்டே இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஒட்டியிருந்த படங்களை வரிசையாகப் பார்த்தார். பிறகு, "வுடு மச்சான். வூட்டுக்குப் போலாம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டிரைவருக்கே மனசு கேட்கவில்லை. "பெரியவரே, அந்தக் கப்பு இருந்த பொட்டிய வேணா காட்றேன். பாக்கறீங்களா?" என்று பின்கதவைத் திறந்தார்.

போர்வையில் சுற்றிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பு வெல்வெட் போர்த்திய சின்ன மெத்தை. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், கோப்பை உட்கார்ந்த இடம். ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த பாய் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு விரலால் அங்கங்கே அமுக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் செத்துக் கெடக்குதே," என்றார்.

"அதான் சாமி ரோதனை," என்றார் டிரைவர். "பெங்களூர்ல கப்பு சாஞ்சு நின்னுச்சு. எனக்குத்தான் திட்டு. அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்தோம்."

"உள்ள ஸ்பாஞ்சு. ஒரு பக்கமா உக்காந்துட்டா எந்திரிக்காது. பிரிக்கட்டுமா?"

"ஐயய்யோ, என் வேல போயிரும்!"

"கொச்சில சாஞ்சு நின்னா மட்டும் சம்பளம் கூட்டிக் குடுப்பானா?"

டிரைவர் டீயைக் கையில் வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார். "அர மணி நேரம்," என்றார்.

பாய் ஆட்டோவில் இடுப்புக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்து வந்த தலையணையைக் கொண்டுவரச் சொன்னார். இலவம் பஞ்சு, அவரே அடைத்தது. தொழில்காரர் என்பதால் ஊசியும் நூலும் சட்டைப்பையிலேயே இருந்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மெத்தையைப் பிரித்து, செத்த ஸ்பாஞ்சை எறிந்துவிட்டு, தலையணையைக் கிழித்தார். ஆடிக்காற்று சும்மா இருக்குமா?

"பாய், பாலுல பஞ்சு வுழுவுது!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

"வுழுந்தா ஆடைன்னு சொல்லி வித்துரு!"

நானும் லட்சுமியும் ஆளுக்கொரு பக்கம் துணியை இழுத்துப் பிடித்தோம். "நெருக்கமாத் தைங்க பாய் அண்ணா, வெளிநாட்டுக்காரன் பாப்பான்," என்று அவள் வேறு அதிகாரம் பண்ணினாள். தைத்து முடித்ததும் அவள் சொம்பைத் தண்ணீரோடு மெத்தைமேல் வைத்துப் பார்த்தோம். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. டிரைவர் தன் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். பாயின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். லாரி தொப்பூர்ப் பக்கம் இறங்கி மறையும்வரை பாய் நின்றுகொண்டே இருந்தார். நிற்கக் கூடாதே என்று எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

திரும்பும்போது தலையணை இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் "வலிக்குது மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்தக் கிளப்புகள் இத்தனை தூரம் ஏன் வருகின்றன என்று நான் பலரைக் கேட்டேன். சட்டை விற்கத்தான் என்றார்கள். இருக்கட்டும். நம் ஊருக்கு விதைக் கம்பெனி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து இலவசத் தொப்பி கொடுப்பதும் அதற்குத்தான். அதற்காக விதை முளைக்காமலா போகிறது? எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தக் கோப்பையின் சொந்த ஊரில் என் வயதுக்காரர் ஒருவர் இருப்பார் இல்லையா? சனிக்கிழமை அவர் எங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்? நல்லம்பள்ளி என்று ஒரு ஊர் இருப்பதை அவருக்கு யார் சொல்வது?

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். லாரியை நம்பாதீர்கள், கோப்பை விமானத்தில்தான் போகும். தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் ஆகும். விடிகாலையில் கிளம்பினால் நல்லது. நிற்க முடியாதவர்கள் முதலிலேயே விசாரியுங்கள். முதியவர்களுக்கு அங்கே நாற்காலியோடு தனி வரிசை இருந்ததாம். எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பாயிடம் சொன்னபோது, "நல்லவேள, நீ விசாரிக்கல," என்றார்.

சனிக்கிழமை டிரைவர் கொச்சியிலிருந்து ஒரு படம் அனுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பை நெட்டுக்குத்தாக நிற்கிறது. இப்போது கடைக்கு யார் வந்தாலும் பாய் அந்தப் படத்தைக் காட்டுகிறார். கட்டைவிரலால் கோப்பையை மறைத்துக்கொண்டு, கீழே இருக்கிற மெத்தையை மட்டும் காட்டுகிறார்.