பத்து நிமிஷச் சூடு

போன வாரம் புக்கிட் மெர்தாஜாமில் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எண்ணெய் குடிக்கிறது. ஒரு டேங்க் நிரப்பினால் பினாங்குப் பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வாரம் முழுக்க வேலைக்குப் போய்வருவேன். இப்போதெல்லாம் வியாழக்கிழமையே பெட்ரோல் முள் படுத்துவிடுகிறது... என்னைப் போல.

மெக்கானிக் செல்வம் காரின் பின்பக்க மூடியைத் திறந்தார். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு எடுத்துப்போன மடக்கு மேசையும் இரண்டு அண்டாக்களும் இன்னும் அங்கேயே இருந்தன.

“மொதல்ல இத எறக்குங்கண்ணே. டயர்லயும் காத்து கம்மி. காலைல எப்படி ஸ்டார்ட் பண்றீங்க?”

“பத்து நிமிஷம் சூடு பண்ணிட்டுத்தான் எடுப்பேன்.”

“பினாங்குலயா?”

பட்டறையே சிரித்தது.

“ஸ்டார்ட் பண்ணி, பெல்ட்டப் போட்டு, மெதுவா எடுங்க. போதும்லா. நின்ன எடத்துலயே எண்ணெய எரிக்கிறீங்களே... யார் சொன்னது இதெல்லாம்?”

அண்ணன் சொன்னது. டொரோண்டோவில் இருக்கிறார். தனியாக. எனக்குக் காலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் அவருக்கு முந்தின நாள் மாலை ஐந்து. வேலை முடிந்து காரில் உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த பனி உருகும்வரை எனக்குப் போன் செய்வார்.

“டேய், காடிய சூடு பண்ணுனியா? குளிர்ல டயர் காத்து எறங்கும், பாத்துக்க.”

முப்பது டிகிரி வெயில் காயும் ஊருக்கு இந்த அறிவுரை! ஆனாலும் நான் என்ஜினை ஓடவிட்டு “ம்” கொட்டுவேன். அவர் காரில் அவர், என் காரில் நான்.

வேறு என்ன பேசுவது? அப்பாவின் காரியத்துக்கு அவரால் வர முடியவில்லை. “வராதவருக்கு எதுக்கு அண்ணன்னு பேரு?” என்று போனில் கேட்டுவிட்டேன். கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? ஒரு வருடம் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலை, எந்த முன்னுரையும் இல்லாமல் வந்த முதல் கேள்வியே இந்தச் சூடு பண்ணும் கேள்விதான். நான்கு குளிர்காலமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறோம். நம் வீட்டு ஆண்களுக்கு ‘நீ நல்லா இருக்கியா’ என்று கேட்க வாய் வராது. ‘காடி நல்லா இருக்கா’ என்றுதான் வரும்.

இதெல்லாம் தெரிந்தும், பட்டறைக்குப் போன மறுநாள் காலை போனில் நான் மேதாவியாகிவிட்டேன்.

“அண்ணே, இங்க சூடே பண்ண வேணாமாம். ஒடனே எடுத்துடலாமாம்.”

அந்தப் பக்கம் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்படியா... சரி, நீ கெளம்பு. பாலத்துல ஜாம் ஆயிடும்.”

பத்து நிமிடம் முன்னதாகவே ஆபீஸ் போனேன். பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இந்த வாரம் வியாழக்கிழமை முள் பாதிக்கு மேலேயே நின்றது. எனக்குத்தான் பாலத்தைத் தாண்டும் முன்பே அசதி. வேலை அசதி இல்லை இது. பயம். இன்னொரு வருடத்தை அப்படிப் பேச்சில்லாமல் கழிக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று காலை ஆறு மணிக்குக் காரில் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன். இந்த நான்கு குளிர்காலத்தில் நானாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே... இன்னிக்கு இங்க ரொம்பக் குளிருதுலா.”

சட்டை வியர்த்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

“அப்ப பத்து நிமிஷம் விடுடா. அவசரப்படாத.”

பத்து நிமிஷம் விட்டேன், போனைக் காதில் வைத்தபடி — என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே.