தேனுகாவின் கரைவலைப் பக்கம்

தேனுகாவுக்கு வாய் ஓயாது. பள்ளிக்கூடக் காலத்தில் அந்த வாயாலேயே பாதிநாள் வகுப்புக்கு வெளியே நின்றவள். இன்று அதே வாய்க்கு டொலரில் காசு வருகிறது. எங்கள் பழைய ஆசிரியர்களுக்கு யாராவது இதைப் போய்ச் சொன்னால் எனக்கு மெத்தச் சந்தோஷம்.

அவளுடைய கணவன் பிரசாந்தன் சல்லி என்ற ஊரின் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவன். காலையில் இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, இவள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நடுவில் ஓடித் திரிவாள். இழுக்கிறவர்களைச் சீண்டுவாள், காகங்களோடு சண்டை பிடிப்பாள், வலை கரையைத் தொடுமுன் உள்ளே என்ன மீன் என்று பந்தயம் கட்டுவாள். இதைப் பார்க்க ரொறன்ரோவிலும் ஓஸ்லோவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பார்ப்பதோடு நிற்காமல் மாதாமாதம் காசும் கட்டுகிறார்கள். ரசிகர்கள் அப்படிக் கட்டுவதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் உண்டு. அதில் தேனுகாவின் பக்கத்தில் சூடை, சீலா, பாரை என்று மீன்களின் பெயரில் மூன்று படிகள். சூடைக்கு மூன்று டொலர். வீடியோவை மற்றவர்களுக்கு முந்திப் பார்க்கலாம். பாரைக்கு இருபது, கயிறு இழுக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். கனடாவில் இருக்கும் ஒருவர் மாமியாரின் பெயரைக் கூவச் சொல்லிக் கட்டினார். என்ன பாவம் செய்தாரோ தெரியாது.

நான் நிவேதிகா. அன்புவழிபுரத்தில் இருக்கிறேன், வங்கியில் வேலை. ஆகவே பக்கத்தின் கணக்கு வழக்கு என் தலையில். ரசிகர் போடுகிற காசில் முதலில் தளம் தன் பங்கைக் கிள்ளும். பிறகு கார்ட் கம்பனி, அதற்குப் பிறகு காசை இலங்கைக்கு அனுப்புகிற கம்பனி. டொலரை ரூபாயாக்கும் இடத்தில் வங்கியும் சும்மா இருக்காது. போனில் உள்ள செயலி வழியாகச் சேர்ந்தால் அதற்கு வேறு ஒரு பெரிய துண்டு போகும். "கொம்பியூட்டரால சேரச் சொல்லடி" என்று ஒவ்வொரு கிழமையும் தொண்டை கிழியக் கத்துவேன். அவள் காகத்தைத் திட்டும் மும்முரத்தில் அதை மறந்துவிடுவாள். எப்படியோ, இந்த வியாபாரத்தின் உயிர் பெரிய தொகையில் இல்லை. கேட்காமலே மாதாமாதம் வருகிற சின்னத் தொகையில்தான் இருக்கிறது.

நான் இவ்வளவு இழுத்துப் பிடித்துக் கணக்குப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. பிரசாந்தனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்திருந்தது. முன்பும் ஒரு தடவை போனவன்தான். அவன் அங்கே இருந்த காலத்தில் மகள் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டாள். திரும்பி வந்து தூக்கியபோது யாரோ அந்நியன் என்று வீரிட்டு அழுதாள். அதன் பிறகு அவனை இன்னொருமுறை அனுப்பத் தேனுகாவுக்கு மனமே இல்லை. அவனுக்கும் ஆசை இல்லை, ஆனால் வீட்டுச் செலவு ஆசையைக் கேட்டு வருவதில்லையே. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பக்கத்து வருமானம் மூன்று மாதம் தொடர்ந்து கட்டார்ச் சம்பளத்தைத் தொட்டால் அவன் போகமாட்டான். செப்டெம்பரில் தொட்டது. ஒக்டோபரில் தாண்டியது. நான் வெடி கொளுத்தாத குறை.

நவம்பர் பிறக்குமுன்பே மாரி வந்துவிட்டது. கடல் குழம்பிவிட்டதால் வலையைக் கரையேற்றிவிட்டார்கள். மாதம் பிறந்ததும் தளம் தானாகவே எல்லாரிடமும் காசை அறவிடும். அதற்கு முதல் நாள் இந்தப் புண்ணியவதி, நவம்பருக்கு ஒருவரிடமும் எடுக்கவேண்டாம் என்று அறவீட்டை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை நேரே சல்லிக்கு விட்டேன்.

"உனக்கென்ன, விசரே?"

"வலை வளைக்கேல்லை நிவேதி. வளைக்காத வலைக்கு ஆராவது பங்கு கேக்கிறதே? எங்கட கரையில அப்பிடி வழக்கமில்லை."

"அவையள் மீனுக்கே காசு தருகினம்? நீ வீட்டில இருந்து சும்மா கதைச்சாலும் பாப்பினம்."

"சும்மா கதைக்கிறதுக்குக் காசு வாங்கிறதோ!" என்று அவள் உண்மையாகவே திகைத்தாள்.

"அப்ப பிரசாந்தன்?"

அவள் முகம் வாடிவிட்டது. "தெரியும். அதை யோசிச்சுப் போட்டுத்தான் நிப்பாட்டினனான். கள்ளப் பங்கு எடுக்க எனக்கு ஏலாது."

அந்தத் தளத்தில் ஒரு மாத அறவீட்டை நிறுத்தினால் நிறுத்தியதுதான். சில சூடைக்காரர்கள் இதுதான் சாட்டென்று அடியோடு கழன்றும் விட்டார்கள். எனக்கு அவளை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது.

காசு எடுக்கவில்லை என்று அவள் போட்ட அறிவித்தலுக்குக் கீழே சில நாளில் ஒரு பதில் வந்தது. எழுதியவர் கனகசபை, சல்லியில் பிறந்து ஓஸ்லோவில் இருப்பவர். "பிள்ளை, நீ செய்தது சரி, பங்கு எடுக்கக்கூடாது. ஆனா மாரியில சம்மாட்டிமார் முற்பணம் குடுக்கிறவையெல்லோ? உனக்கும் பிரசாந்தனுக்கும் எண்டு இதை வை" என்று எழுதி, அன்பளிப்புப் பொத்தானை அழுத்தி ஒரு தொகையும் அனுப்பியிருந்தார். முற்பணம் என்றால் என்ன என்று கனடாவில் பிறந்த பிள்ளைகள் கேட்டார்கள். வலைச் சொந்தக்காரர் மாரிக்காலச் சீவியத்துக்குக் கொடுப்பது, அதை வாங்கினவர் கடல் திறந்ததும் அந்த வலைக்கே வரவேண்டும் என்று அவரே விளக்கினார். அதற்குப் பிறகு அவர்களும் அனுப்பத் தொடங்கினார்கள். தேனுகா ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி போட்டாள்.

மாத முடிவில் நான் அவர்கள் வீட்டுக் குசினியில் இருந்து கூட்டிப் பார்த்தேன். தேனுகா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தொட்டிட்டுதோ?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கட்டார்ச் சம்பளத்தில் பாதிகூட இல்லை என்றேன். அவள் திரும்பிப் போய் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

வாசலில் இருந்த பிரசாந்தன் கேட்டான். "அந்தக் காசு வந்து சேந்திட்டுதோ?"

"ஓம். அரிசியும் வாங்கியாச்சு" என்றாள் தேனுகா.

"ரெண்டு பேருக்குமெண்டுதானே அந்த ஐயா அனுப்பினவர்?"

"ஓம்."

அவன் எழும்பி முற்றத்துக்குப் போய், கட்டாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரருக்கு அழைப்பெடுத்தான். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, நான் வரேல்லை. இஞ்ச ஒரு வலைக்கு முற்பணம் வாங்கிட்டன். வாங்கினவன் வேற வலைக்குப் போகக்கூடாது." மற்றப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். "ஓமண்ணை, கொஞ்சக் காசுதான். எண்டாலும் வாங்கியாச்செல்லோ" என்று சொல்லி வைத்தான்.

தேனுகா குசினிக்குள் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. வங்கிக்காரி என்றால் என்ன, கல்லா? பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பாஸ்போட்டை இஞ்ச தாங்கோ. நான் வைக்கிறன்."