உமி வைத்துக் கட்டிய அடுப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில், பரமத்திப் பக்கம் எங்கள் புறக்கடையில் வாழைத்தார்களைப் புகைபோட்டுப் பழுக்கவைக்கும் சின்ன அறை இருந்தது. தைப் பனியில் அதன் அடுப்பு அடிக்கடி ஆறிப்போனதால், சூடு வெளியேறாமல் இருக்க நடுவில் உமி நிரப்பி இரட்டைச் சுவராகக் கட்டினேன்.

“புகைதானுங்க வேணும், சூடு எதுக்குங்க?” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அம்மா, தன் மகள் கல்யாணத்துக்காக ஆறு தார்களைக் கொண்டுவந்தார். அவர் தோட்டத்தில் காற்றுக்குத் தப்பியவை அவ்வளவுதான். வழக்கம்போலப் புகைபோட்டு, தீயை அணைத்து, அறையை மூடினேன். ஆனால் அடுப்பு ஆறவே இல்லை. மறுநாள் திறந்தால் காய்கள் வெந்து கறுத்துக் கிடந்தன.

அந்த அம்மா ஒரு காயை அழுத்திப் பார்த்தார். பிறகு அடுப்புச் சுவரைத் தொட்டார்.

“நல்லாத்தான் கட்டியிருக்கறீங்க, சாமி.”

குரலில் குத்தலே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே அடுப்பை இடித்தேன். உள்ளே உமி அப்போதும் சுட்டது. என் ஆயுசில் நான் உருப்படியாகக் கட்டியது அது ஒன்றுதான்.