ஆறு கிலோமீட்டருக்கு அறுபது கேட்கப் போன பயணம்

போன மாசியில், சம்பா அறுவடை முடிகிற சமயம், திருவிடைமருதூர் பக்கமுள்ள எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு வாடகைக் காரில் போய் வந்தேன். பெரிய கோயிலைப் பார்க்க அல்ல. எங்கள் ஊர்ச் சாலையில் வண்டிகள் எவ்வளவு வேகம் போகலாம் என்று முடிவு செய்ய ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று வைக்கப் போகிறார்கள். ஆட்சேபணை எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். என் கட்சி அறுபது.

காரணம் உண்டு. அந்தச் சாலையை அகலப்படுத்தியபோது என் வயலில் ஒரு நீளத் துண்டு போயிற்று. என் அப்பா பண்ணையாளாக இருந்து, அடிபட்டு, கோர்ட்டுக்கு நடந்து பட்டா வாங்கிய நிலம் அது. வண்டிகள் வேகமாகப் போக வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இப்போது மெதுவாகப் போ என்றால் என் நிலத்தை எதற்காக எடுத்தீர்கள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

வெறும் கோபத்தோடு போகவில்லை. எட்டாவது வரைதான் படித்தேன் என்றாலும் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் பொருளாதாரம் படித்தவன். இறுதிநிலைப் பயன், இறுதிநிலைச் செலவு என்பார்கள். விஷயம் எளிது. வேகத்தை இன்னும் பத்து கூட்டினால் கூடுதலாக என்ன கிடைக்கும், கூடுதலாக என்ன போகும் என்று பார்க்க வேண்டும். இரண்டும் சமமாகிற இடத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் சாலை ஆறு கிலோமீட்டர். நாற்பதில் போனால் ஒன்பது நிமிடம். ஐம்பதில் ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அறுபதில் ஆறு நிமிடம். ஒவ்வொரு பத்துக்கும் கிடைக்கிற லாபம் குறைந்துகொண்டே போகிறது, பாருங்கள். அடிபட்டால் ஆகிற சேதமோ வேகத்தோடு பெருகிக்கொண்டே போகிறது. ஆடி மாதம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வண்டிகளையும் ஆட்களையும் எண்ணி, அவர்களுடைய நேரத்துக்குக் கூலி போட்டு, ஆஸ்பத்திரிச் செலவையும் போட்டுப் பார்த்தேன். அறுபதில் சரியாக நின்றது.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். கார் போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டியவன் செல்வம், எங்கள் தெருப் பையன், முப்பது வயது. ஊர் எல்லையிலேயே சொல்லிவிட்டேன், ஆறு கிலோமீட்டரும் அறுபதில் போ என்று.

"எதுக்கு பெரியப்பா? கூட்டம் பதினோரு மணிக்குத்தானே?"

"சொன்னா செய்யேன். ஆறு நிமிஷத்துல வந்தேன்னு அங்க சொல்லணும்."

"நீங்க போட்ட கணக்கு என் டயருக்குத் தெரியணுமே," என்று சிரித்தான்.

பக்கத்து ஊரைத் தொடும்போது சாலையின் இடது பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் இந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் தார்ச் சாலைதான் களம். ஓரத்தில் செங்கல் வரிசை வைத்திருந்தார்கள். ஒரு பெண் குனிந்து, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போனாள். எதிரே பஸ் வந்தது.

"நெல்லு கெடக்கு பெரியப்பா, கொறைக்கிறேன்."

"கொறைக்காத. எடம் இருக்கு."

இடம் இல்லை. பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் இடது சக்கரங்கள் நெல்லில் ஏறின. செல்வம் பிரேக்கை மிதித்தும் பிடிக்கவில்லை. உருளைகள்மேல் நிற்பதைப் போல வண்டி வழுக்கிக்கொண்டே போயிற்று. அந்தப் பெண் பின்னால் பாய்ந்து செங்கல்மேல் விழுந்தாள். அவள் காலுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

இறங்கி ஓடினேன். முட்டி கிழிந்து ரத்தம். அவளைத் தெரியும். பெயர் வசந்தா.

"ஏண்டா, கண்ண எங்கடா வச்சிருக்க?" என்று செல்வத்தைத் திட்டினாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டாள். "தாத்தா, நீங்களா? அப்படி என்ன தல போற அவசரம்?"

மூன்று நிமிடம் மிச்சம் என்று எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். "நெல்ல யாரு அள்றது? நீங்க போங்க," என்றாள். நாங்கள் போனோம். அதை எழுதவே கை கூசுகிறது. போனோம்.

கும்பகோணம் தாண்டி தஞ்சாவூர் போய்ச் சேரும்போது பத்தேகால். அதிகாரி வந்தது பதினொன்றே முக்காலுக்கு. ஒன்றரை மணி நேரம் அலுவலக மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மிச்சம் பிடித்த மூன்று நிமிடமும் அதற்குள்தான் போயிற்று.

கூட்டத்தில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, உங்க கணக்கு ரொம்பத் தெளிவா இருக்கு. அறுபதே வச்சுடலாமான்னு யோசிக்கிறோம். வேற ஏதாவது சொல்லணுமா?"

இதைக் கேட்கத்தான் ஆறு மாதம் உழைத்தேன். எழுந்து நின்று, "வேண்டாங்க. நாற்பதே வைங்க," என்றேன்.

"ஏங்க, கணக்குல தப்பா?"

"ரோட்டுல நெல் காயும்ங்க. அதைச் சேர்க்கல."

"நீங்க விவசாயிதானே? உங்க ஊர்ல நெல் காயறது உங்களுக்கே தெரியாதா?"

சிரித்தார்கள். தெரியும். வருஷா வருஷம் அதே சாலையில் நானும் காய வைக்கிறேன். எண்ண உட்கார்ந்தது ஆடி மாதம், அப்போது அங்கே நெல் இல்லை. ஆனால் அது சாக்கு. எங்களுக்கு நெல் காய்கிற சாலை சாலையாகவே தெரியாது, களமாகத்தான் தெரியும். களத்தில் நிற்பவளைப் போக்குவரத்துக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும்போது வசந்தா வீட்டில் இறங்கினேன். முட்டி வீங்கி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பதுன்னு சொல்லிட்டேம்மா," என்றேன்.

"நான் வுழுந்தத சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப நெல்லுக்காகத்தான் சொல்லியிருக்கீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் நிலத்தை எடுத்தது அநியாயம் என்பதிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் மாட்டேன். ஆனால் அந்த அநியாயத்தின் வட்டியை அவளிடம் வசூலிக்கப் போனவன் நான். அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பியாயிற்று.

தை, மாசியில் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் காரில் வருகிறவர்களுக்கு: பஸ்ஸும் அடிக்கடி உண்டு, அதில் வந்தாலும் நல்லதுதான். கிராமச் சாலையில் திரும்பினால் நாற்பதைத் தாண்டாதீர்கள். நெல்லின்மேல் பிரேக் பிடிக்காது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கப் பார்க்காமல் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நெல் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் யாராவது குனிந்திருப்பார்கள்.