சகாயம் வெறுந்தாளில் வாங்கிய கையெழுத்துகள்

சகாயம் போய்விட்ட சேதி எனக்குக் குழாயடியில் கிடைத்தது. காலை ஆறு மணித் தண்ணீர். என் குடம் பாதி நிறைந்திருந்தது. அவன் தம்பி சைக்கிளில் வந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் பத்து நாளாகக் காய்ச்சலோடு கிடந்தவனைப் பற்றி அந்த நேரத்தில் வேறு என்ன சேதி வரும்? வரிசையில் நின்ற ஒருத்தி குழாயை மூடினாள். "மூடாதடி, பின்னாடி நிக்கறவங்க புடிக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். அவன் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். அந்தக் குழாய் எங்கள் மேட்டுத் தெருவுக்கு வந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, அதாவது இப்போது இளைஞர் மன்றத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவன் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான் எனக்கு. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தியதை எனக்குப் படித்துக் காட்டுங்கள்.

தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு வந்தது. நான் நின்றேன், ஜெயித்தேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் ஒரு பையன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை, விரல் நுனியெல்லாம் கறுப்புச் சாயம்.

"ஆயா, நான் உனக்கு ஓட்டுப் போடல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன்டா, நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

"நீ மீட்டிங்ல வாயே தொறக்க மாட்டன்னு நெனச்சேன்."

"தொறந்தா?"

"அடுத்த தபா போடறேன்."

இருபத்திரண்டு வயது அப்போது. இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர். மன்றம் என்றால் கேரம் போர்டும் பேப்பரும்தான் என்று ஊரே நினைத்திருந்தது. இவன் வந்தபின் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கம்பெனிப் பிள்ளைகள் பதினைந்து பேர், பெண்பிள்ளைகளும் சேர்த்துத்தான், மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். சாக்கடை அள்ளுவார்கள். போலியோ சொட்டு மருந்து நாளில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைமேடு வரை போவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ரேஷன் கார்டு மனு எழுதித் தருவார்கள். யார் என்ன வேலை சொன்னாலும் "சரி" என்பார்கள். அந்தச் "சரி"தான் ஒருநாள் அவர்களைக் கவிழ்த்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் நிலத்தில் இறங்கி இறங்கி, கிணறு உப்பாகிவிட்டது. பருப்பு வேகாது, சோறு மஞ்சளாக வரும். கழனிப் பம்புசெட்டில் கரண்ட் வருகிற நேரம் பார்த்து மேட்டுத் தெருப் பெண்கள் குடத்தோடு ஓடுவோம். அப்போதுதான் பாலாற்றுப் பக்கம் ஆழமாகப் போர் போட்டு, ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கட்ட அனுமதி வந்தது. தொட்டி ஒன்றுதான். எங்கே கட்டுவது என்று கிராம சபை தீர்மானிக்க வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. கூட்டத்துக்கு ஆள் சேராது என்பதால் முன்னாடி நாளே தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். பஞ்சாயத்து கிளார்க்கு தலையாலே நடந்து வாங்குவார். அந்த வருஷம் அவர் மன்றத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். "கையெழுத்த மட்டும் வாங்கிக் குடுங்கப்பா, தீர்மானத்த நான் மேல எழுதிக்கறேன்" என்றார். சகாயம் "சரி" என்றான். தெரு தெருவாகப் பிரித்துக்கொண்டு ஒரே சாயங்காலத்தில் ஊரையே முடித்துவிட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. "வார்டு மெம்பர் மொதல்ல" என்று அவன்தான் பேனாவை நீட்டினான். மேலே தாள் வெள்ளையாக இருந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் கொடியேற்றத்துக்கு நான் சீக்கிரம் போய்விட்டேன். மேசைமேல் புத்தகம் திறந்திருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தேன். தொட்டியைப் பெரிய தெருவில், பள்ளத்தில், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். அடியில் என் கையெழுத்து. அதற்கு அடியில் மேட்டுத் தெரு மொத்தமும். பள்ளத்தில் கட்டினால் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறாது. ஆயுசுக்கும் குடம் தூக்க வேண்டியதுதான் என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சகாயம் கொடிக்குள் பூ வைத்து மடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே படித்தான். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"வாங்குனது நான்தான ஆயா."

"போட்டது நான்டா."

அவன் தோஸ்து ஒருத்தன், "வுடு மச்சான், கலெக்டருக்கு ஒரு மொட்டக் கடுதாசி போட்டுடலாம்" என்றான். சகாயம் நிமிர்ந்தான். "மொட்டக் கடுதாசி போடறதுக்கு எதுக்குடா மன்றம்? பதினோரு மணிக்குத்தான் மீட்டிங்கு. டைம் கீது."

கொடி ஏறியதும் மிட்டாய்கூட வாங்காமல் பிள்ளைகள் மறுபடியும் அதே வீடுகளுக்கு ஓடினார்கள். நானும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் சகாயம் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "நேத்து உங்ககிட்ட வெறுந்தாள்ல கையெழுத்து வாங்கிட்டேன், தப்பு. இன்னிக்கு வந்து இன்னா எழுதி கீதுன்னு கேளுங்க." வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை. "நேத்து கையெழுத்துன்ன, இன்னிக்கு வான்ற. நாளைக்கு இன்னாப்பா, நெத்தியில பச்ச குத்துவியா?" என்றாள் ஒருத்தி. சைக்கிள் கடை பாய், "கடைய மூடிட்டு வர்றேன், ஆனா இதுக்கு மேல உன்ன நம்பறதுக்கு ஜாஸ்தி நாளாவும்" என்றார். அவன் ஒருவரிடமும் சாக்குச் சொல்லவில்லை. "ஆமா பாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனான்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார இடமில்லை. தலைவர் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். "கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு. தீர்மானம் நெறவேறிடுச்சு. வந்தவங்க மிட்டாய் வாங்கிக்குனு போலாம்."

சகாயம் எழுந்தான். "தலைவரே, அந்தக் கையெழுத்த வாங்குனவன் நான். தாள் வெறுமையா இருந்துச்சு. போட்டவங்க எல்லாம் இதோ உக்காந்து கீறாங்க. அவங்களையே கேளுங்க."

ஒன்றியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். இத்தனை ஜனத்தைப் பார்த்ததும் அவருக்கும் வேறு வழியில்லை. "மாத்தணும்னா புதுசா தீர்மானம் கொண்டுவாங்க. யாராவது படிங்க" என்றார். சகாயம் அரைத் தாளில் மளமளவென்று எழுதி என் கையில் திணித்தான். எனக்காகப் பெரிய பெரிய எழுத்து.

"நீயே படிடா."

"நான் படிச்சா, பையன் கலாட்டா பண்றான்னுவாங்க. நீ படிச்சா மெம்பர் படிச்சது."

படித்தேன். 'நீர்த்தேக்கத் தொட்டி' என்ற இடத்தில் நாக்கு சிக்கிக்கொண்டது. மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன். பெரிய தெருப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சகாயம் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பி, "இன்னா அவசரம்? தண்ணிக்கு இத்தினி வருஷம் நின்னோம், ஆயாவுக்கு ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டமா?" என்றான். நான் முழுக்கப் படித்து முடித்தேன். மேட்டில் கட்டினால் மேட்டுக்கும் வரும், பள்ளத்துக்கும் வரும் என்று எழுதியிருந்தான். பெரிய தெருக்காரர்களிலேயே பாதிப் பேர் கை தூக்கினார்கள். அதிகாரி எண்ணி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த மாதமே, பஞ்சாயத்தில் மன்றத்துக்குக் கொடுத்திருந்த அறையைத் தலைவர் பூட்டிவிட்டார். மூன்று வருஷம் மாதா கோயில் மணிக்கூண்டின் நிழலில் மன்றம் நடந்தது. மேட்டில் தொட்டி நின்றது. அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து ஒருத்தி நின்றாள். சகாயம் சொன்னபடி எனக்கு ஓட்டுப் போட்டான். போட்டேன் என்று வந்து சொல்லிவிட்டும் போனான். அவனையே தலைவருக்கு நிற்கச் சொன்னோம். "நான் அந்தப் பக்கம் போயி உக்காந்துட்டா, இந்தப் பக்கம் எந்திரிச்சுக் கேக்கறது யாரு?" என்றான். எனக்கு அதில் இன்றைக்கும் சம்மதமில்லை. நல்ல தலைவராக இருந்திருப்பான்.

அவன் கல்யாணத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பூசை முடிந்து ஃபாதர் பதிவேட்டை நீட்டினார். இவன் பேனாவை வாங்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டான். பிறந்த தேதி, ஞானஸ்நானம், அப்பா பேர், அம்மா பேர். வெளியே பிரியாணி ஆறுகிறது. மணப்பெண் மேரி தலையைக் குனிந்துகொண்டே, "கையெழுத்து போடறியா, நான் எங்க வூட்டுக்குப் போவட்டா?" என்றாள். ஃபாதரே சிரித்துவிட்டார். அப்புறம் பார்த்தால், பதிவேட்டில் மேரியின் அப்பா பேர் தப்பாக இருந்தது.

அவனை அடக்கம் செய்தபின் வந்த கிராம சபையில் இரங்கல் தீர்மானம். என் பேத்தி செல்வி வேலூரில் காலேஜ் படிக்கிறாள். இப்போதெல்லாம் தீர்மானங்களைப் படிப்பது அவள்தான். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும், அப்படி ஒரு குரல் அவளுக்கு. புது கிளார்க்கு மரியாதைக்குப் புத்தகத்தை முதலில் என்னிடம் கொண்டுவந்தார். "ஆயா, நீங்க மொதல்ல போடுங்க."

"மொதல்ல படிக்கட்டும்."

செல்வி படித்தாள். 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த சகாயம் அவர்கள்' என்று இருந்தது. நல்ல வாக்கியம்தான். ஆனாலும் நான் எழுந்து நின்றேன். "அத அடிங்க. தண்ணி அவன் கொண்டாரல. நாமதான் கை தூக்கிக் கேட்டு வாங்குனோம். அவன் தப்புப் பண்ணான், அத ஊர் முன்னாடி ஒத்துக்குனு நம்மளக் கூட்டியாந்தான். அத எழுதுங்க."

மேரி பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் கை தூக்கினாள். பிறகு பாய். பிறகு எல்லோரும்.

அவன் எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதின அரைத் தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் அவன் பேர் எங்கேயும் இல்லை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தாள், அதோடு எத்தனை பேர் காத்திருந்தாலும் விரல் வைத்துப் படிக்கிற துணிச்சல். இரங்கல் தீர்மானத்தன்றைக்கும் அப்படித்தான். கிளார்க்கு அடித்து, திருத்தி எழுதினார். இன்னொரு தரம் படி என்றேன். செல்வி படித்தாள். நானும் ஒருமுறை விரலை வைத்துப் படித்துப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் போட்டேன்.