கண்டுபிடித்ததற்குக் கூலி

எங்கள் நாய்க்கு எலும்பைவிடப் பிடித்தது ஆள் தேடுவது. கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நான் ஒளிக்காத இடம் கிடையாது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், அலுமாரிக்குள், காய்கிற சேலைகளுக்கு நடுவில், ஒருமுறை பலா மரத்தின் மேலேகூட. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, கந்தோர் வேலைக்குப் பிந்திப்போகிறவர் மாதிரி அவசர அவசரமாக வந்துவிடுவான்.

கண்டுபிடித்தால் குரைக்கமாட்டான். எதிரே குந்தி வாலால் நிலத்தைக் கூட்டுவான். கூலி வாங்காமல் அசையமாட்டான். இடது காதின் பின்புறத்தைச் சொறிந்து, "கெட்டிக்காரன்" என்று சொல்ல வேண்டும், அதுதான் கூலி. வாயால் மட்டும் சொன்னால் செல்லாது, சொல்லாமல் சொறிந்தாலும் செல்லாது. இரண்டும் கிடைத்தபின் ஒரு தும்மல் போட்டுவிட்டு எழும்பிப் போவான்.

அந்த மூக்கை எப்படியாவது ஏமாற்றிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஒரு பைத்தியம். அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஒளித்தேன். உள்ளங்காலில் மண்ணெண்ணெய் பூசி ஒளித்தேன். அம்மாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம், அவன் வந்து குந்திவிட்டான். பின்னேரம் கண்டி பஸ்ஸிலிருந்து இறங்குகிற அத்தனை கால்களுக்குள்ளும் அப்பாவின் காலைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வருவான். அப்பாவுக்கு அதில் சரியான பெருமை. தன்னைத் தெரியாதவர்களும் அந்த வீதியில் தன் நாயைத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பார்.

பக்கத்து வீடு முஸ்லிம் வீடு. கணவருக்குக் கண்டியில் புடவைக்கடை. மனைவியை அம்மா 'ராத்தா' என்பார், நான் மாமி என்பேன். பின்வேலியில் இருந்த ஓர் இடைவெளியால் கறியும் கதையும் போய்வரும். நாய் மட்டும் போகக்கூடாது. ஏன் என்று ஒருநாள் மாமியிடமே கேட்டேன்.

"நாய்ட ஈரம் பட்டா ஏழு தரம் கழுவணும் புள்ள. அதுல ஒரு தரம் மண்ணு போட்டு" என்றார் மாமி.

"காய்ஞ்ச நாயெண்டால்?"

"காய்ஞ்சிருந்தா பரவாயில்ல. ஆனா ஒங்கட நாய்ட நாக்கு எப்ப காயும்?"

அது சரியான கேள்விதான். அவனும் மாமியின் குணம் அறிந்தவன் போல அந்தப் பக்கம் போகமாட்டான். அந்த வீட்டு வாசலில் எந்த நாயும் படுத்து நான் கண்டதில்லை.

அந்த ஆடி மாதம் கொழும்பில் தொடங்கிய கலவரம் கண்டிக்கும் வந்தது. ஒருநாள் காலை மாமியின் கணவர் வேலியடிக்கு வந்து, "சேர், இப்பவே வாங்க. டவுன்ல தமிழாக்கள்ட கடை எரியுது" என்றார். அடுப்பை அணைத்த கையோடே போனோம். நாய் எங்கோ ஊர் சுற்றப் போயிருந்தான். கூப்பிட நான் வாயைத் திறந்தேன், அம்மா பொத்திவிட்டார். நாங்கள் நுழைந்ததும் மாமி அந்த இடைவெளியைத் தகரத்தால் மூடினார்.

புடவைக்கட்டுகள் அடுக்கிய அறையில் எங்களை இருத்தினார்கள். வெளியே தூறல். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த இடத்தை அவன் கண்டுபிடிப்பானா என்ற யோசனையும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தான். தகரம் மறித்ததால் வீதியால் சுற்றி வந்து, முன் கேற்றுக்கு நேரே குந்திவிட்டான். சன்னல் நீக்கலால் பார்த்தேன். நனைந்த உடம்பு, வால் சேற்றைக் கூட்டியது, முகமெல்லாம் சந்தோசம்.

மாமி உள்ளே வந்து மெதுவாகச் சொன்னார். "ஒங்கட நாய் வாசல்ல குந்திக்கிட்டு இரிக்குது."

அப்பா எழும்பி வந்து நீக்கலால் பார்த்தார். "அவன் இருந்தால் நாங்கள் இஞ்சைதான் இருக்கிறம் எண்டு ஊருக்கே தெரியும்" என்றார்.

மாமி தடியைக் காட்டினார். அவன் அசையவில்லை. எலும்பை எட்ட எறிந்தார். ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்து அதே இடத்தில் குந்தினான். கூலி வாங்காமல் போகிற நாயா அது? மேல் வளைவில் லொறிச் சத்தமும் கூச்சலும் கேட்டன. அவை எங்கள் வீதிக்குத் திரும்புவதற்குள், மாமி கேற்றைத் திறந்து, அந்த ஈர நாயை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

அவனை எங்கள் மடியில் போட்டதும் அப்பா அவன் வாயை இறுக்கிப் பிடித்தார். எங்கள் வீட்டுக் கண்ணாடிகள் உடைகிற சத்தம் கேட்டது. பிறகு இந்தக் கேற்றைத் தட்டினார்கள். மாமியின் கணவர் சிங்களத்தில், பக்கத்து வீட்டுக்காரர் விடியவே போய்விட்டார்கள் என்றார். மாமி மா பிசைந்த கையைப் போல இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி கூடத்தில் நின்றார். தட்டியவர்கள் போன பிறகுதான் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு ஏழு தரம். நான் எண்ணினேன்.

சில நாட்களில் வீட்டுக்குத் திரும்பினோம். கண்ணாடி மாற்றினோம். "இனிமேல் இந்த வீட்டிலை ஒளிச்சு விளையாடக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆனால் நாய் தினமும் மாமியின் கேற்றடிக்குப் போய்க் குந்தத் தொடங்கினான். அன்றைக்கு அவனுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது. போய்ச் சொறிந்து, "கெட்டிக்காரன்" என்றேன். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பா சொன்னார், அம்மாவும் வந்து சொன்னார். தும்மல் வரவில்லை. கண் மாமியின் கதவிலேயே இருந்தது.

எனக்கு அது விளங்கச் சில நாள் சென்றது. அவன் கணக்கில் அன்று அவன் கண்டுபிடித்தது எங்களை அல்ல. கதவைத் திறந்துகொண்டு அவனிடம் வந்தவர் மாமிதான்.

மாமியிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"நல்ல வெயில். காய்ஞ்சுதான் இரிக்கான்" என்றார். குனிந்து, ஒரு விரலால், இடது காதின் பின்புறம் சொறிந்தார்.

"கெட்டிக்காரன்."

அவன் அந்தக் கையை முழுதாக ஒரு நக்கு நக்கினான். தும்மினான். எழும்பி வீட்டுக்குப் போனான்.

"போச்சு" என்று சொல்லிவிட்டு, மாமி மறுகையால் பாத்தியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.