ஆரோக்கியசாமி வீட்டில் அணியிலக்கணம்

வீடு தேடிப் போய்ச் செய்யுள் இலக்கணம் கற்பிக்கிற தொழிலில், பாடத்தைக் கவனிப்பவர்களைவிட வாத்தியாரைக் கவனிப்பவர்களே அதிகம். அந்தப் பார்வையில் வெந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

யுத்த காலம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிச் சைக்கிளில் பாலக்கரைக்குப் போவேன். அங்கே ஆரோக்கியசாமி என்பவரின் மகள் பிலோமினா இன்டர்மீடியட்டில் தமிழில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள். மறுபடி எழுதித் தேறினால் உபாத்தியாயினி வேலைக்குப் படிக்கலாம். தவறினால் முசிறியில் அத்தை மகனும் அவனுடைய வாழைத் தோட்டமும் தயார். அவளுக்கு அதில் எள்ளளவும் இஷ்டமில்லை.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வெளியே போகும் தொழிலாளிகளின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, உள்ளே போல்ட்டு, நட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதே உத்தியோகத்தில்தான் இருந்தார்.

யார் முகம்?

முதல் பாடம் உவமை. ஒன்றைப் போல இன்னொன்று என்று ஒப்பிட்டுச் சொல்வது என்று விளக்கிவிட்டு, வழக்கம்போல நிலவு போன்ற முகத்தை இழுத்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கையில் பத்திரிகையோடு ஆரோக்கியசாமி வெளியே வந்தார்.

"முகம்னீங்களே சார், யார் முகம்?" என்று கேட்டார். யார் முகமும் இல்லை, பொதுவாக ஒரு முகம் என்றேன். அவர் நம்பவில்லை.

"பொதுவா முகம்னு ஒண்ணு கிடையாதுங்க. எந்த முகத்துக்கும் பின்னால ஒரு ஆள் இருக்கும்."

எந்தாத்துக் குயில்?

அன்றிலிருந்து முகம், கண், இடை எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் தடை. அவையெல்லாம் போனால் செய்யுளில் என்ன மிஞ்சும்? மறுநாள் சாப்பிடும்போதுகூட அதே கவலை. குரல் பாக்கி இருக்கிறதே என்று தோன்றியதும், "குயில் போன்ற குரல், குயில் போன்ற குரல்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ரசம் விட வந்த என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"காலம்பரலேர்ந்து குயில் குயில்னு உருகிண்டிருக்கேளே, அது எந்தாத்துக் குயில்?"

நடுவில் இருந்தவர்

அடுத்தது உருவகம். 'கடல் போன்ற துன்பம்' என்றால் உவமை. 'போன்ற' என்பதை எடுத்துவிட்டுத் 'துன்பக்கடல்' என்றால் இரண்டும் ஒன்றேயாகி உருவகம் என்றேன். உலகத்தில் இதைவிடப் பத்திரமான உதாரணம் கிடையாது என்று எனக்குள் ஒரு மமதை. கதவிடுக்கில் தெரிந்த பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது.

"இதுவரைக்கும் ரெண்டும் மரியாதையாத் தள்ளி நின்னுச்சு. நடுவுல இருந்தவரை எதுக்குங்க வெளியே அனுப்பினீங்க?"

முசிறி வாழை

தற்குறிப்பேற்ற அணி என்று ஒன்று உண்டு. இயல்பாக நடக்கிற காரியத்தின் மேல் புலவன் தன் மனத்தில் இருப்பதை ஏற்றிச் சொல்வது. உதாரணம் நீயே சொல் என்றேன் பிலோமினாவிடம். என் வாயைத் திறந்தால்தானே வம்பு!

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முசிறித் தோட்டத்துல வாழையெல்லாம் தலையைத் தொங்கப் போட்டு நிக்குதுங்க சார். பாவம், இந்தப் பொண்ணு இங்க வந்து சிக்கப் போறாளேன்னு வருத்தம்" என்றாள். அடுப்பங்கரையில் அவள் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. ஆரோக்கியசாமி மட்டும் அசையவில்லை.

"குலை தள்ளினா வாழை குனியத்தான் செய்யும். இதுல வருத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

ஜன்னலில் துண்டு

பாடத்துக்கு வந்ததும் வேர்வையைத் துடைத்துத் துண்டை ஜன்னல் கம்பியில் உலரப் போடுவது என் பழக்கம். எதிர் வீட்டில் ஒரு வாலிபன் குடியிருந்தான். நான் துண்டு போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவன் ஜன்னல் திறக்கிறது என்பதை ஆரோக்கியசாமி கண்டுபிடித்துவிட்டார். பரீட்சை நெருங்கிவிட்ட சமயம். "துண்டைப் போட்டுச் சாடை காட்டறீங்க. தூது வேலையெல்லாம் இங்க வேணாம். நாளையிலேருந்து வராதீங்க. இவளும் பரீட்சை எழுத வேணாம், முசிறிக்குச் சொல்லி அனுப்பிடறேன்" என்றார்.

பிலோமினா எழுந்து நின்றாள். "அப்பா, வேர்த்தா சார் துடைக்கத்தான் செய்வாரு. வெயில் இறங்கினா எதிர் வீட்டுல ஜன்னலைத் திறக்கத்தான் செய்வாங்க. இதுல சாடை எங்கேருந்து வந்துச்சு? நீங்க செய்யறதுக்குப் பேருதான் தற்குறிப்பேற்ற அணி."

அவர் என் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வெயில் சுவரைவிட்டு இறங்கியது. துண்டு இல்லாமலே எதிர் ஜன்னல் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்:

"அந்த அணிக்குத்தாம்மா எனக்குப் பொன்மலையில சம்பளமே கொடுக்கறாங்க. சரி, உட்காரு. பாடத்தைப் படி."

கேள்வித்தாள்

பரீட்சையில் தற்குறிப்பேற்ற அணியை விளக்கச் சொல்லியே கேட்டிருந்தார்கள். வாழையை எழுதினாளோ துண்டை எழுதினாளோ, பிலோமினா நல்ல மார்க்கோடு தேறினாள். முசிறிக்கு மறுப்பு போயிற்று. அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குக் காப்பி கொடுத்தாள். ஆரோக்கியசாமி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொல்லிக் கொடுத்ததே கேள்வியா வந்திருக்கே, அந்தத் தாள் போட்டவருக்கும் உங்களுக்கும் என்ன பழக்கம்?"

எத்தனையோ பேருக்கு அணியிலக்கணம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு நாள்கூட விடாமல் கையாண்டவர், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓசியில் கேட்ட ஆரோக்கியசாமி ஒருவர்தான்.